மூன்றாவது மதகுக்குக் கீழே

முதலில் சங்குதான் கேட்டது. ஆற்றில் இறங்காதே என்று ஊருக்குச் சொல்லும் அணைச் சங்கு. அது ஓலமிட்டு ஓய்ந்த பிறகே, அணைமேல் இருந்த கட்டுப்பாட்டு அறையில் செங்கோடன் கணினியிலிருந்து தலையைத் தூக்கினார். மணி காலை பத்தரை. ஜன்னலுக்கு வெளியே ஒன்பது மதகுகளும் மூடிக் கிடந்தன. அவற்றின் முதுகை முட்டிக்கொண்டு நின்றது தண்ணீர்.

பதினொரு மணிக்கு மூன்றாம் சங்கு. அது ஊதியதும் ஐந்தாவது மதகு ஓரடி எழ வேண்டும். கைச்சக்கரத்தால் அல்ல, செங்கோடன் எழுதிய புரோகிராமால். இருபத்தாறு வருஷம் சக்கரம் சுற்றிக் காய்த்த கை அது. ஐம்பதைத் தாண்டியபின் அந்தக் கையைத் தட்டச்சுக்குப் பழக்கியவள் ஸ்டெல்லா. அவரைவிடப் பதினாறு வயது இளையவள், தூத்துக்குடிக்காரி. அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

"ஒவ்வொரு மதகா ஓட்டிப் பார்த்தாச்சா?" என்று அவர் பின்னால் நின்றபடி கேட்டாள்.

"ஒண்ணாவதைப் போன வாரமே பார்த்துட்டனுங்க. கச்சிதம்."

"மத்த எட்டு?"

"அது எதுக்குங்க டீச்சர்? மதகுன்னா அதுக்கு என்ன இருக்கும், என்ன செய்யும்னு கிளாஸுங்கற அச்சுல ஒரே தடவை எழுதியாச்சு. அதுல இருந்து பொறக்கிற ஆப்ஜெக்ட்டுகதான் ஒன்பதும். ஒண்ணு சரின்னா ஒன்பதும் சரி. நீங்க குடுத்த புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்குது."

"புத்தகம் எழுதினவரு இந்த ஆத்துல குளிக்க வரமாட்டாரே, அண்ணாச்சி."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"அப்போ கிளாஸுக்கும் ஆப்ஜெக்ட்டுக்கும் என்னதானுங்க வித்தியாசம்? நீங்களே சொல்லுங்க" என்றார், கொஞ்சம் ரோஷத்தோடு.

அவள் மூலையில் சாத்தியிருந்த குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

இரண்டாம் சங்கு ஊதி நின்றபோது அவருடைய செல்போன் அடித்தது.

"கீழே நிக்கேன் அண்ணாச்சி. மூணாவது மதகுக்கு நேர் கீழே. தெரியுதா?"

எட்டிப் பார்த்தார். காய்ந்த சிமெண்ட் தளத்தில் ஒரு நீலக் குடை. அவ்வளவு உயரத்திலிருந்து அது நாவல்பழம் அளவுதான் இருந்தது.

"டீச்சர், வெளையாடாதீங்க! மேல வாங்க!"

"இதுல வெளையாட்டு என்ன இருக்கு? நீங்க திறக்கப் போறது அஞ்சு. நான் நிக்கிறது மூணு. நடுவுல சுவரு இருக்கு. புரோகிராம் சரின்னா என் செருப்புகூட நனையாது. சங்கு ஊதினதும் அழுத்துங்க."

மூன்றாம் சங்கு ஊதியது.

விரல் விசைமேல் நின்றது. இறங்கவில்லை. ஒன்பதும் சரி என்று சற்று முன்தான் சொல்லியிருந்தார். ஐந்து என்று சொல்லப் போகிறேன். அது மூன்றின் காதில் விழாது என்று எங்கே எழுதியிருக்கிறேன்?

விரலை எடுத்துவிட்டு புரோகிராமின் முதல் வரிக்குப் போனார். இருட்டறையில் தேள் தேடுகிறவர் போல வரி வரியாகப் பார்த்தார். அந்த வரி பல்லிளித்துக்கொண்டு கிடந்தது. திறக்க வேண்டிய உயரம். அதை ஒவ்வொரு மதகுக்கும் தனியாக அவர் வைக்கவில்லை. கிளாஸுக்குப் பொதுவாக வைத்திருந்தார். ஒன்பது மதகும் பார்த்து நடக்க ஒரே எண். ஐந்தாவதுக்கு ஓரடி என்றால் ஒன்பதும் ஓரடி எழும். போன வாரம் கணினியில் இணைத்திருந்தது ஒரே ஒரு மதகை. இன்று ஒன்பதையும். ஒன்று மட்டும் இருந்தபோது பொது எது, சொந்தம் எது என்று யாருக்குத் தெரியும்?

மின்சாரத்தை அணைத்தார். இணைப்புக் கம்பிகளையும் பிடுங்கினார்.

"ஓடி வாங்க!" என்று போனில் கத்தினார். "கும்பிடறேன், ஓடி வாங்க டீச்சர்!"

அவள் மூச்சிரைக்க மேலே வந்தபோது செங்கோடன் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"உயரத்தைக் கிளாஸுக்கு எழுதிட்டனுங்க. மதகு மதகுக்கு எழுதல. அஞ்சைத் தொட்டிருந்தா மூணும்..." அண்ணாந்து அவளைப் பார்த்தார். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமுங்களா?"

"தெரிஞ்சா எதுக்குப் போறேன்? நான் உங்க புரோகிராமைப் பார்க்கவே இல்லை."

செம்பை எடுத்தாள். மூச்சு வாங்க அண்ணாந்து குடித்ததில் பாதித் தண்ணீர் சேலையில் கொட்டியது.

"தெரியாமலா போய் நின்னீங்க? ஏனுங்க?"

அவள் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க வித்தியாசம் கேட்டீங்கல்ல? மேல இருந்து பார்த்தா எனக்கும் அது வெறும் மதகுதான் அண்ணாச்சி. கீழே போய் நின்னப்பதான் மூணாவது மதகு."



அன்று எந்த மதகும் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை, சங்கிலிகளுக்கு கிரீஸ் போடும் நாள். அவர் டப்பாவை எடுத்துக்கொண்டு ஒன்றாவது மதகுக்குப் போனார். பிறகு இரண்டாவதுக்கு.