வலி இல்லாத நாள்

ஆசிரியைக்கு வயது முப்பத்தெட்டு, மாணவருக்கு ஐம்பத்து நான்கு. அந்த ஆய்வுக்கூடத்தில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆளில்லை. தில்லைராஜன் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவர் மூட்டுவாத மருத்துவர். மனைவி மங்கையின் விரல்கள் அதே நோயில்தான் கோணிப்போயின. ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்த்தவரால் வீட்டில் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த ஆற்றாமைதான் கிளினிக்கைப் பாதி நாள் பூட்டவைத்து அவரை ரெஜினாவிடம் ஆராய்ச்சி மாணவராகக் கொண்டுவந்து சேர்த்தது.

உடம்பில் ஒரு செல் இன்னொரு செல்லுக்குச் சேதி அனுப்பும் புரதத்துக்கு சைட்டோகைன் என்று பெயர். எந்தச் சேதி எதைத் தூண்டி மூட்டை வீங்கவைக்கிறது என்று ஆறு வருடமாக அம்புக்குறி போட்டு வரைந்துகொண்டிருந்தார். சுவரில் இடமே இல்லை.

அன்று காலை அந்தச் சுவரின் முன் வாடிப்போய் நின்றார்.

"இடிக்குது மேடம். இந்தப் படத்தின்படி ஒருதடவை வீக்கம் ஆரம்பிச்சா அடங்கவே கூடாது. ஆனா மங்கைக்குச் சில நாள் தானா அடங்குது. அது எதனாலன்னு தெரிஞ்சா அவளைக் காப்பாத்திடுவேன். எங்க தப்பு பண்ணேன்?"

"அடக்குற சேதியை எப்படி வரைவோம் சார்?"

"அம்புக்குப் பதிலா, முனையில ஒரு குறுக்குக் கோடு."

"இதுல எத்தனை இருக்கு?"

"நான் எடுத்த ரத்தத்துல ஒண்ணும் சரியா அகப்படலை. புத்தகத்துல இருக்கறதைப் பார்த்து வரைஞ்சா காப்பி அடிச்ச மாதிரி ஆயிடுமே."

ரெஜினா சிரித்துவிட்டார். பிறகு, ரத்தம் கொடுத்தவர்களின் பதிவேட்டை எடுத்து நீட்டினார்.

"ரத்தம் எடுத்த அன்னிக்கு ஒவ்வொருத்தரும் என்னன்னு வந்தாங்க? வாசிங்க."

"முழங்கால் வீக்கம். மணிக்கட்டு வலி. வீக்கம். வலியால் தூக்கமில்லை. வலி…"

மூன்றாம் பக்கத்தில் அவர் குரல் இறங்கியது.

"வலிக்காத அன்னிக்கு யாரு மேடம் டாக்டர்கிட்ட வருவா?"

"வரமாட்டாங்க. நாமதான் போகணும். மங்கை அக்காவோட ரத்தம் எத்தனை தடவை எடுத்தீங்க?"

"பதினாலு."

"எல்லாமே?"

"வலி வந்த அன்னிக்குத்தான்."

ரெஜினா பதிவேட்டை வாங்கி மூடினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"வலி இல்லாத அன்னிக்கு அக்கா என்ன பண்ணுவாங்க சார்?"

தில்லைராஜன் யோசித்துப் பார்த்தார். மங்கையின் ரத்தப் பரிசோதனை எண்கள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். இது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

"இன்னிக்கு எப்படி இருக்காங்க?"

"நல்லாத்தான் இருக்கு, நீங்க கிளம்புங்கன்னு சொன்னா. அதான் சீக்கிரமே வந்துட்டேன்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. பரபரவென்று ஊசியையும் ரத்தம் பிடிக்கும் கண்ணாடிக் குழாய்களையும் அள்ளிக்கொண்டார்.

"ஒரு மணி நேரத்துல எடுத்துட்டு வந்துடறேன் மேடம்."

ரெஜினா அவர் கையிலிருந்து அவற்றை ஒவ்வொன்றாக வாங்கி மேசைமேல் வைத்தார்.

"ரத்தத்தை இன்னொரு நல்ல நாள்ல எடுத்துக்கலாம் சார். இன்னிக்கு வெறுங்கையோட போங்க."