மணைப் பலகை கட்டி மற்போர் செய்த கூத்தபிரான்

மற்போர் என்றால் சோறு தண்ணீரையே மறந்துவிடும் மன்னர் ஒருவர் முன்னொரு காலத்தில் இருந்தார். அவருடைய அவையில் கூத்தபிரான் என்றொரு விகடன். ஆள் ஒல்லி, வாய் மட்டும் பெரிது. யாரைப் பார்த்தாலும் அவரைப் போலவே நடந்து காட்டி மன்னரைச் சிரிக்க வைப்பதுதான் அவன் பிழைப்பு.

ஒருநாள் அரண்மனை மல்லன் இருளப்பன் அவைக்கு வந்தான். வாசலை அடைக்கும் உடம்பு. மன்னரை விழுந்து வணங்கியவனுக்கு இடது முழங்கால் பிடித்துக்கொண்டது. தரையில் கையை ஊன்றி, முனகி, மெல்ல எழுந்தான். அவன் நிமிர்வதற்குள் கூத்தபிரான் நடு அவையில் விழுந்து, சேற்றில் சிக்கிய எருமை எழுவதைப் போல எழுந்து காட்டினான். அவை குலுங்கிச் சிரித்தது. இருளப்பனும் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஒரு தூணோரமாகப் போய் நின்றான்.

கூத்தபிரானுக்கு உள்ளே ஏதோ சுருக்கென்றது. ஆனால் மன்னர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அதனால் மறுபடியும் விழுந்து எழுந்தான்.

தளவாய் மருதப்பருக்கு விகடன்மேல் நெடுநாள் புகைச்சல். அவர் எழுந்து, "மன்னா, மல்லனை இத்தனை எளிதாக எடைபோடும் நம் விகடர் அவனோடு ஒருமுறை மோதிக் காட்டினால் என்ன?" என்றார்.

மன்னருக்கு அது தித்தித்தது. பௌர்ணமியன்று போட்டி என்று அறிவித்தார். முதுகு மண்ணில் பட்டவன் தோற்றவன். தோற்றவன் அதன்பின் அவையில் நிற்கக் கூடாது என்று தளவாய் ஒரு நிபந்தனையைச் சேர்க்க, மன்னர் அதற்கும் தலையசைத்துவிட்டார்.

கூத்தபிரான் தினமும் பயிற்சிக் களத்து மதிலோரம் நின்று இருளப்பனைக் கவனித்தான். மல்லன் நேராகப் பாய்ந்தால் தப்ப முடியாது. ஆனால் இடப்பக்கம் திரும்ப மட்டும் அவனுக்கு நேரம் பிடித்தது. எதிரே நிற்கக் கூடாது, இடப்பக்கமாகவே சுற்ற வேண்டும், அவனுக்கு மூச்சு வாங்க வைக்க வேண்டும், கடைசியில் அந்த முழங்காலில் ஓர் உதை. இப்படித் திட்டம் போட்டபோது அது நல்ல திட்டமாகத்தான் தெரிந்தது.

போட்டியன்று கூத்தபிரான் முதுகில் ஒரு மணைப் பலகையைக் கட்டிக்கொண்டு களத்தில் இறங்கினான். இருளப்பன் கண்ணுக்கு முன்னே நிற்காமல் இடப்பக்கமாகவே ஓடினான். ஆனாலும் எவ்வளவு நேரம் ஓட முடியும்? மல்லனின் கை ஒருமுறை எட்டிப் பிடித்தது. அடுத்த நொடி விகடன் மல்லாந்து கிடந்தான்.

மல்லனுக்கே வெற்றி என்று தளவாய் கையைத் தூக்கினார். விகடன் படுத்தபடியே, "பொறுங்கள் தளவாய் அவர்களே. மண்ணில் பட்டது பலகை. என் முதுகு பலகையில்தான் பட்டிருக்கிறது" என்றான். மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆட்டம் தொடரட்டும் என்றார். கூட்டம் மல்லனைப் பார்த்துக் கேலியாகக் கூவியது.

அதன்பின் மல்லன் தூக்கிப் போடுவதும், பலகை தடாலென்று விழுவதும், விகடன் எழுந்து ஓடுவதுமாகப் பொழுது போனது. இருளப்பனுக்கு மூச்சு இரைத்தது. இடது கால் நடுங்கத் தொடங்கியது.

அப்போதுதான் கூத்தபிரானுக்கு ஒன்று உறைத்தது. இத்தனை முறை விழுந்தும் தலையில் ஓர் அடிகூடப் படவில்லை. அடுத்தமுறை விழும்போது கவனித்தான். மல்லன் அவனைக் கீழே போடும் கணத்தில் தன் உள்ளங்கையை அவன் பிடரிக்குக் கீழே கொடுத்தான். விகடனின் தலை அந்தக் கையில் விழுந்தது. கையின் மறுபுறம் தரையில் மோதியது. புறங்கை முழுக்கத் தோல் உரிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

கூத்தபிரான் எழுந்து இடப்பக்கமாகப் போனான். நடுங்கும் அந்த முழங்கால் உதைக்கு வாகாக அவன் முன்னே இருந்தது. கூட்டம் "உதை, உதை" என்றது. காலைத் தூக்கினான். தூக்கிய கால் முன்னே போகவில்லை. இந்த முழங்காலைத்தானே எருமை என்று ஆடிக் காட்டினோம் என்று நினைத்ததும் முகமெல்லாம் எரிந்தது. தோற்றால் இந்த மல்லன் எங்கே போவான் என்பதும் அப்போதுதான் புத்தியில் பட்டது.

காலை இறக்கினான். பலகையை அவிழ்த்து எறிந்துவிட்டு, தானாகவே மண்ணில் மல்லாந்து படுத்தான். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கூட்டம் அடங்கிப்போனது.

மறுநாள் அவை கூடியது. எல்லோரும் நிற்க, நடுவில் கூத்தபிரான் மட்டும் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். தளவாய்க்குப் பொறுக்கவில்லை. தோற்றவனுக்கு இங்கே என்ன வேலை என்று சீறினார்.

"நிற்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. நான் நிற்கவில்லையே" என்றான் விகடன்.

மன்னர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை ஏன் விட்டாய் என்று கேட்டார்.

விகடன் தரையைப் பார்த்துக்கொண்டே, உதைக்க நினைத்ததையும் தன் தலைக்குக் கீழே வந்த மல்லனின் கையையும் பற்றிச் சொன்னான். "அன்று இதே இடத்தில் அவரைக் கேலி செய்தேன். அவர் என் மண்டையைக் காப்பாற்றினார். அதை வேடிக்கையாகச் சொல்ல எனக்கு வரவில்லை, மன்னா" என்றான்.

மன்னர் இருளப்பன் பக்கம் திரும்பி, உன்னை அவமதித்தவன் தலையை ஏன் தாங்கினாய் என்று கேட்டார்.

கட்டுப்போட்ட கையை முதுகுக்குப் பின்னே மறைத்துக்கொண்டு மல்லன் கூச்சத்தோடு சொன்னான்: "முதுகு மண்ணுல படணும்னுதானுங்க சாமி சொன்னீங்க. தலையப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்களே."

மன்னர் சிரித்த சிரிப்பில் சாமரம் வீசுகிறவர்களும் சிரித்துவிட்டார்கள், தளவாய்கூட. மல்லனுக்குப் பொற்காப்பு அணிவித்தார். விகடனுக்குப் பட்டுச் சால்வை போர்த்தி, அவையில் உட்காரும் உரிமை உன் ஆயுளுக்கும் உண்டு என்றார்.

எல்லோரும் நிற்க, இருளப்பனும் அந்த வலிக்கும் காலோடு நிற்க, கூத்தபிரான் மட்டும் சால்வையோடு உட்கார்ந்திருந்தான். அவன் பிழைப்பில் அன்றுதான் முதல்முறையாகச் சொல்வதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.