வாசலில் நின்றவளும் எழுதியவளும்

கதையின் முடிவில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பேன். இரக்கப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம். நடந்ததை வைத்துச் சொல்லுங்கள்.

கரிசல் சீமையில் ஹாக்கிக்குப் பேர்போன ஒரு சிற்றூர். தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போக வேண்டிய பெண்பிள்ளைகள் அந்த மைதானத்தில் மட்டையைப் பிடித்துத்தான் ரயில்வேயிலும் போலீசிலும் வேலை வாங்கினார்கள். ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர் ஜெகவீரன் மாஸ்டர். அவர் எதிரே வந்தால் ஊர் ஆண்கள் சைக்கிளை விட்டு இறங்குவார்கள்.

சங்கரேஸ்வரியும் ராஜகனியும் பள்ளிப் பருவத்தில் அவரிடம் ஆட்டம் பழகியவர்கள். மைதானத்து ஓரத்தில் மட்டைகள் வைக்கும் அறை ஒன்று இருந்தது. ஆட்டம் முடிந்ததும் சாமான்களை அடுக்க ஒரே ஒரு பிள்ளையை மாஸ்டர் அங்கே கூப்பிடுவார். அந்த அறையில் தங்களுக்கு நேர்ந்த கொடுமையைத் தோழிகள் இருவரும் ஒரு நாள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அழுது முடித்து, வேறு யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்தார்கள். விஷயம் தெரிந்தால் பெண்கள் டீமையே கலைத்துவிடுவார்கள் என்று இருவருக்கும் பயம்.

சங்கரேஸ்வரிக்கு மதுரையில் ரயில்வே வேலை கிடைத்தது. ராஜகனி உள்ளூர்ப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை ஆனாள். தன் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அதே மைதானத்துக்கு வந்தாள். மாஸ்டரும் அங்கேதான் இருந்தார். ஆட்டம் முடிந்ததும் ராஜகனி அந்த அறை வாசலில் போய் நின்றுகொள்வாள். கடைசிப் பிள்ளை வீட்டுக்குக் கிளம்பும்வரை நகரமாட்டாள். மழையிலும் நின்றாள், காய்ச்சலோடும் நின்றாள். பிரசவத்துக்குப் போன ஒரு வருஷம் தவிர, அவள் நிற்காத நாள் கிடையாது.

வருஷங்கள் ஓடின. அந்த மைதானத்துக்கு மாஸ்டரின் பெயரையே வைக்கப் போகிறார்கள் என்று சங்கரேஸ்வரிக்குச் செய்தி வந்தது. பழைய மாணவி என்ற முறையில் விழாவில் அவரைப் பாராட்டிப் பேச அவளையே அழைத்தார்கள். அன்றே அவள் தன் கதையை எழுத உட்கார்ந்தாள். எழுதி முடித்ததும் ராஜகனியைத் தேடி ஊருக்குப் போனாள்.

"உன் பேரு இதுல எங்கயும் இல்ல. அவன் பேர எழுதியிருக்கேன்."

"சத்தியம் பண்ணினமே, ஏட்டி," என்றாள் ராஜகனி.

"பண்ணினோம்."

"இது வெளிய வந்தா அவனுக்கு ஒண்ணும் ஆகாது. பிள்ளைகளத்தான் கிரவுண்டுக்கு அனுப்ப மாட்டாங்க. அதுக்காகத்தான நான் வாயத் திறக்காம அந்த வாசல்ல நிக்கேன்?"

"எத்தன வருஷம் நிப்ப?"

"சாகுற வரைக்கும் நிப்பேன். நீ எழுதாத."

சங்கரேஸ்வரி மதுரைக்குப் பஸ் ஏறினாள். புத்தகம் வெளிவந்தது.

அதன் பிறகு அவள் முகம் பார்த்திராத பெண்களெல்லாம் போனில் அழைத்து, "எனக்கும் அந்த ரூம்லதான்," என்றார்கள். பேரன் எடுத்தவளும் பேசினாள், கல்லூரியில் படிப்பவளும் பேசினாள். எல்லாரிலும் இளையவள் அனுசுயா, ராஜகனியிடம் ஆட்டம் பழகியவள். "டீச்சர் லீவுல இருந்த வருஷம்," என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள்.

போலீஸ் வழக்குப் போட்டது. மாஸ்டர் ஜாமீனில் வந்து, பழையபடி ஊர் கிளப்பில் கேரம் ஆடினார். பெயர் சூட்டும் விழாவைத் தள்ளித்தான் வைத்தார்கள், ரத்து செய்யவில்லை. மைதானக் கமிட்டி கூடி, பெண்பிள்ளைகளின் பாதுகாப்புக்காக என்று சொல்லிப் பெண்கள் ஆட்டத்தை நிறுத்தியது. பையன்கள் ஆட்டம் ஒரு நாளும் நிற்கவில்லை. "இத்தன வருஷம் கழிச்சு இப்ப எதுக்கு இது?" என்று டீக்கடையில் கேட்டார்கள். அத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளையிடமாவது என்ன ஏது என்று கேட்டிராதவர்கள்தான் அவர்கள்.

கோமதி என்ற பெண் மாநில அணிக்குத் தேர்வாகியிருந்தாள். அவள் அப்பா அவளைத் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பிவிட்டார். அவள் அம்மா மாரித்தங்கம் சங்கரேஸ்வரியின் வீட்டைத் தேடி மதுரைக்கே வந்தாள்.

"யக்கா, உங்கள குறை சொல்ல வரல. எம்பிள்ள என்ன தப்புப் பண்ணுச்சு? மட்டையத் தூக்கி அடுப்புல வச்சுட்டாரு அவ அப்பா."

ராஜகனி சொன்னது அப்படியே நடந்துவிட்டதே என்று சங்கரேஸ்வரிக்கு நெஞ்சு கொதித்தது. அந்தக் கொதிப்பு யார் மேல் என்றுகூட அப்போது அவளுக்குப் பிடிபடவில்லை.

இனி நீங்கள் சொல்லுங்கள். ஒருத்தி சத்தியத்தை மீறி எழுதினாள். இன்னொருத்தி சத்தியத்தைக் காத்து வாசலில் நின்றாள். இவர்களில் யார் செய்தது சரி? கோமதியின் ஆட்டத்தைப் பறித்தது யார்?

விடை: ராஜகனி நின்றதால் தப்பிய பிள்ளைகள் உண்டு. அதை மறுக்கிறவன் நன்றி கெட்டவன். ஆனால் அந்தக் காவல் ஒரே ஒருத்தியின் உடம்பை நம்பி இருந்தது. அவள் பிள்ளை பெறப் போன வருஷத்தில் அனுசுயா அகப்பட்டாள். பயந்துபோன இரண்டு சிறுமிகள் செய்த சத்தியம் இத்தனை காலமும் யாரைக் காப்பாற்றியது? மாஸ்டரை. ஆகவே எழுதியதுதான் சரி. கோமதியின் ஆட்டத்தைப் பறித்தது புத்தகம் அல்ல. குற்றம் செய்தவனைக் கேரம் ஆட விட்டு, அவனிடம் சிக்கக்கூடிய பிள்ளைகளை வீட்டில் அடைத்த கமிட்டியும், அதற்குத் தலையாட்டிய ஊரும்தான். சங்கரேஸ்வரி மூலம் அனுசுயாவின் செய்தியைக் கேட்ட அன்றே ராஜகனியும் இந்த விடைக்கு வந்துவிட்டாள். நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்த் தன் பெயரைச் சொல்லிப் புகார் கொடுத்தாள். பிறகு சங்கரேஸ்வரியும் அவளும் தாய்மார்களைத் திரட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்தார்கள். பெண்கள் ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது. கோமதியின் அப்பா மட்டும் இன்னும் இணங்கவில்லை. மாரித்தங்கமும் விடுவதாக இல்லை.