அவசரம் என்ற குறி

திருநெல்வேலி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஃபேக்ஸ் சர்வர்களைக் கட்டி மேய்த்தவர் பிச்சமுத்து. அந்த வித்தையை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் வஹிதா. அவரைவிடப் பத்து வயது சின்னவள். இருந்தாலும் அவருக்கு அவள் டீச்சர். அவளுக்கு அவர் அண்ணன்.

நெல்லை, திருச்சி, சேலம் மூன்று கிளையும் ஒரே வலையில் இருந்தன. டாக்டர் எந்த ஊரோ, அதற்குப் பக்கத்துக் கிளையிலிருந்து பரிசோதனை முடிவு ஃபேக்ஸில் போகும். போன் செலவு குறைவு. அங்கே வரிசை நீண்டுவிட்டால், 'அவசரம்' என்று குறித்தவை மட்டும் சும்மா கிடக்கும் வேறு கிளை வழியாகப் போகும். செலவு கூடும், ஆனால் உடனே போய்ச் சேரும்.

நம் ஆட்களுக்குக் கேட்கவா வேண்டும்? சர்க்கரை முடிவுக்கும் அவசரம் போட்டார்கள், கொழுப்பு முடிவுக்கும் அவசரம் போட்டார்கள். போன் பில் எகிறியது. முதலாளி குதித்தார். அந்தக் குறியை சர்வர்கள் கண்டுகொள்ளவே கூடாது என்று பிச்சமுத்து மாற்றி எழுதினார். முதலாளி தட்டிக்கொடுத்தார்.

போன வாரம் சங்கரன்கோவிலில் ஒரு பெண்ணுக்கு டெங்கு. அவசரம் போட்டும் அவளுடைய முடிவு நெல்லை வரிசையிலேயே கிடந்தது. திருச்சியும் சேலமும் வேலையில்லாமல் இருந்தன. டாக்டர் கையில் தாள் கிடைத்தபோது அவள் உயிரோடு இல்லை.

பிச்சமுத்து வஹிதாவிடம் வந்தார். சோறு இறங்கிப் பல நாளான முகம்.

"எல்லாரும் அவசரம்னு சொன்னா நான் யாரை நம்புவேன் டீச்சர்? நான் செஞ்சது தப்பா?"

வஹிதா குனிந்து பார்த்தாள். அவர் கையில் ஒரு தாள் இருந்தது.

"என்னண்ணே அது?"

"அந்தப் பிள்ளையோட அம்மாவுக்கு. மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கேன். டாக்டர் குடுத்திருவாரு."

"அனுப்புங்க."

அவர் தாளை மெஷினில் வைத்தார். எண்ணை அழுத்தினார். அது உள்ளே போயிற்று. இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"போயிருச்சா?"

"இல்ல. நெல்லை வரிசையில கடைசியா நிக்கி."

"அவசரம் போடலியா?"

"போட்டேன் டீச்சர்."

அதற்குமேல் அவரால் நிற்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். முதலாளி அந்தக் குறியைத் திரும்பக் கொண்டுவர இன்னும் சம்மதிக்கவில்லை.

வஹிதா வரிசையிலிருந்து அந்தத் தாளை நீக்கினாள்.

"நேர்ல போங்கண்ணே."

"போனா மன்னிப்பாவளா?"

"மாட்டாவ."

"பின்ன எதுக்கு டீச்சர் போகணும்?"

"யாரைத் திட்டுறதுன்னு தெரியாம உக்காந்திருக்காவ, அண்ணே."