முற்பிறவி அடிமை

நாகப்பட்டினத்துப் புத்த விகாரைக்குச் சுமனர் என்றொரு துறவி வந்தார். வெறுங்கையில் நெருப்பை வரவழைத்துக் காட்டியதிலிருந்து ஊரே அவரைக் கண்டு நடுங்கியது. ஒருநாள், மலர் கொண்டுவந்த கொற்றி என்ற பெண்ணைக் கூட்டத்தின் நடுவே நிறுத்தினார்.

"உன் முற்பிறவியைப் பார்த்துவிட்டேன். அதில் நீ என் அடிமை. நாளை என்னோடு கப்பலேறு!"

கொற்றிக்கு வீட்டில் கைக்குழந்தை இருந்தது. ஆனாலும் பணிவாகக் கும்பிட்டாள்.

"உண்மைதான் சாமி, எனக்கும் இப்போது நினைவு வருகிறது. சாகும்போது நீங்களே எனக்கு விடுதலை கொடுத்துவிட்டீர்களே!"

"பொய்! போன பிறவியில் நடந்ததற்கு ஏது சாட்சி?" என்று கத்தினார் சுமனர்.

"அதைத்தான் சாமி நானும் கேட்கிறேன்."

விகாரைத் தலைவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "வீட்டுக்குப் போ, அம்மா. உன்னை அடிமை என்று சொல்ல இங்கே யாருக்கும் உரிமையில்லை" என்றார். அதுவரை பயந்து நின்ற கூட்டம், சுமனரின் முகத்துக்கு நேரே வாய்விட்டுச் சிரித்தது.