தேதி இல்லாத அட்டை

குரு, சிஷ்யை என்று அவர்கள் இருவரும் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. நான்தான் சொல்கிறேன். மலைமேல் இருக்கிற அந்த வானாய்வு நிலையத்தில் பதினாறு வருடம் ஜீப் ஓட்டியவன் நான். ஞானாபரணம் சார் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தெய்வானை மேடம் அதை மறுபடி யோசிக்க மாட்டார். அதற்கு வேறு என்ன பெயர் வைப்பது?

இந்தக் கதை முடிகிறபோது மேடத்துக்கு நாற்பத்தாறு வயது. சாருக்கு அறுபத்திரண்டு. ஓய்வு பெற்றும் மலையை விட்டு இறங்காமல் நிலையத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு வீட்டில் தனியாக இருந்தார்.

அவர்கள் பார்த்த நட்சத்திரத்துக்குப் பெயர் கிடையாது, எண்தான். சூரியனைவிடச் சின்னது, கிச்சிலிப் பழம் மாதிரி ஆரஞ்சு நிறம். மலையில் எல்லோரும் அதைக் கிச்சிலி என்றே சொல்வோம். அதன் வெளிச்சம் இங்கே வந்து சேரப் பன்னிரண்டு வருடம் ஆகுமாம். அதுவே பக்கத்து வீடு மாதிரி என்பார் சார். கார்த்திகையில் தலைகாட்டும், மாசியோடு போய்விடும்.

அதை ஒரு கோள் சுற்றுகிறதா என்பதுதான் கேள்வி. கோள் கண்ணுக்குத் தெரியாது. அது சுற்றும்போது நட்சத்திரம் லேசாக முன்னும் பின்னும் ஆடும், அந்த ஆட்டத்தை அளக்க வேண்டும். ஆனால் அளக்கிற நாமும் பூமியோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருக்கிறோமே. அதனால் சார் முதல் நாளே சொல்லிவிட்டார்.

“முதல்ல நம்மைக் கழி. மிச்சம் என்ன நிக்குதோ அதுதான் அதோடது.”

கழிப்பதற்கு, நட்சத்திரம் வானத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிய வேண்டும். அதையும் சார் ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தார். இளவயதில் அவரே அளந்து எழுதியது. இரண்டே வரி எண்கள். மேடம் அந்த அட்டைக்குக் கண்ணாடித்தாள் உறை போட்டு மேசையில் வைத்திருந்தார். சாமி படத்துக்குக்கூட அங்கே இடமில்லை.

ஒன்பது வருடம் மேடம் அளந்து அளந்து கழித்தார். மிச்சம் நின்றது. நெடுஞ்சாலையில் போகிற பஸ்ஸின் வேகம், அவ்வளவுதான். அந்த வேகத்தில் கிச்சிலி வருடத்துக்கு ஒரு தடவை முன்னே வந்து பின்னே போனது. கோள் இருக்கிறது, நம்மைப் போலவே அதுவும் ஒரு வருடத்தில் சுற்றி வருகிறது என்று தெரிந்த அன்று சாருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு லட்டு கொடுத்தார்கள்.

அந்த ஒன்பதில் ஆறாவது வருடம், தை மாதம், சாத்தூரிலிருந்து மேடத்தின் அண்ணன் போன் செய்தார். அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை, உன்னைத்தான் கேட்கிறாள், கிளம்பி வா என்றார். நான் ஜீப்பைத் துடைத்து வாசலில் நிறுத்திவிட்டேன். மேடம் சாரிடம் போய்க் கேட்டார். அந்த வாரம் மேகமே இல்லாத வாரம்.

“கிச்சிலி மாசியோட போயிடும். அம்மா எங்க போயிடப் போறாங்க?” என்றார் சார்.

மேடம் ஜீப்பில் ஏறவில்லை. ஐந்தாம் நாள் காலையில் ஏறினார். அப்போது அவசரம் ஒன்றும் இருக்கவில்லை. நாங்கள் போய்ச் சேருவதற்குள் எடுத்துவிட்டார்கள். அண்ணன் முகம்கொடுத்துப் பேசவில்லை. அதன்பிறகு மூன்று வருடம் போன்கூடக் கிடையாது.

கோள் உறுதியானதும் மேடம் அதற்குத் தன் அம்மா பெயரை வைத்தார். அங்கம்மாள். உலகம் ஒத்துக்கொள்ளுமோ என்னவோ, நாங்கள் அப்படித்தான் கூப்பிட்டோம். அது எப்படியோ அண்ணன் காதுக்குப் போய், அவரே போன் செய்தார். தைப்பொங்கல் கழிந்ததும் சேவு வாங்கிக்கொண்டு மலைக்கு வருகிறேன், அம்மா எந்தத் திசையில் இருக்கிறாள் என்று காட்டு என்றாராம். சாவு வீட்டுக்குப் போனபோது அழாத மனுஷி அன்றைக்கு ஜீப்பின் பின்சீட்டில் உட்கார்ந்து அழுதார். எனக்கு வயிறு குளிர்ந்தது.

இதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் தொலைநோக்கியை அட்டையில் உள்ள இடத்துக்குத் திருப்பினால் கிச்சிலி நடுவில் நிற்காது. ஒரு துளி தள்ளி நிற்கும். மேடம் பொத்தானை அழுத்தி நடுவுக்குக் கொண்டுவருவார். பழைய தொலைநோக்கி, பல்சக்கரம் தேய்ந்திருக்கும் என்று சார் சொல்லியிருந்தார். பல் தேய்ந்தால் எல்லா நட்சத்திரமும்தானே தள்ளி நிற்க வேண்டும்? வண்டி ஓட்டுகிற எனக்கே தோன்றும். மேடத்துக்குத் தோன்றவில்லை. சார் சொன்னதாயிற்றே.

அந்த ஐப்பசியில் பல்சக்கரத்தைப் புதிதாக மாற்றினார்கள். கார்த்திகையில் கிச்சிலி வந்தது. அதே பக்கம், அதே அளவு தள்ளி நின்றது.

பக்கத்து நட்சத்திரம் சும்மா ஓரிடத்தில் இருக்காதாம். வருடா வருடம் வானத்தில் கொஞ்சம் நகருமாம். அட்டை எழுதி முப்பது வருடம் ஆகியிருந்தது. இடம் தப்பானதால் கழித்ததும் தப்பு, பூமியின் ஓட்டத்தில் ஒரு துளி கழியாமல் நின்றுவிட்டது. மேடம் புதிதாக இடத்தை அளந்து, ஒன்பது வருடக் கணக்கையும் மறுபடி போட்டார். மிச்சம் ஒன்றும் நிற்கவில்லை. அத்தனை நாளும் முன்னும் பின்னும் ஆடியது நம்ம பூமிதான். அதனால்தான் அதற்கும் நம்முடைய வருடமே வந்திருக்கிறது.

கோளைப் பற்றி மேடம் எழுதிய கட்டுரை அச்சுக்குப் போயிருந்தது. அதைத் திரும்பப் பெறும் கடிதத்தை மேடமே எழுதி அனுப்பிவிட்டு, மதியம் சார் வீட்டுக்குப் போகணும் என்றார்.

சார் வாசலில் உட்கார்ந்து ஒடிந்த குடைக்கம்பியை நூலால் கட்டிக்கொண்டிருந்தார். மேடம் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பல்சக்கரம், இடம், அனுப்பிய கடிதம், அங்கம்மாள் என்று ஒன்று அங்கே இல்லை என்பது. குரல் பிசிறவே இல்லை. எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை, ஆனாலும் நின்றேன். பிறகு உறையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார்.

“இது தப்பா சார்?”

சார் அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

“எழுதின அன்னைக்குச் சரி. தேதி போடாம விட்டுட்டேன்.”

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். ரொம்ப நேரம் யோசித்தார். அந்த எண்களுக்குக் கீழே முப்பது வருடத்துக்கு முந்தைய தேதி ஒன்றை எழுதி, ஊதிக் காயவைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

மேடம் வாங்கிக்கொண்டார். ஆனால் போகவில்லை.

“தைக்கு அண்ணன் வர்றார் சார். எந்தத் திசைன்னு கேட்பார்.”

சார் மடியிலிருந்த குடையைக் கீழே வைத்தார்.

“அம்மா எங்க போயிடப் போறாங்கன்னு அன்னைக்குச் சொன்னீங்க. அதுக்கும் ஒரு தேதி போட்டுக் கொடுத்திருங்க.”

பேனா இன்னும் அவர் கையில் திறந்தபடிதான் இருந்தது. அதை மூடினார்.

“அதுக்குத் தேதி வேண்டாம்மா. அது சொன்ன அன்னைக்கே தப்பு.”