வாலை மறுத்த சொற்கள்

சொற்கள் இரண்டு காலில் நடந்து, வாய் திறந்து பேசிய காலம் அது. இங்கிலீஷ் தேசத்து வினைச்சொற்களுக்கு அன்று நடந்த அநியாயங்களை வரிசை தப்பாமல் சொல்ல வேண்டும். வரிசை தப்பினால் இலக்கணத் துரைக்குத்தான் லாபம்.

முதல் அநியாயம், வேலி. இன்று என்ற ஊருக்கும் நேற்று என்ற ஊருக்கும் நடுவே அதுவரை வேலி கிடையாது. செய்து முடித்த வேலையைச் சொல்ல விரும்பிய சொல், வயிற்றுக்குள் ஓர் ஓசையை மாற்றிக்கொண்டு நேற்றுக்குள் நுழையும். தின்பதற்கான ஈட் அங்கே ஏட் ஆவான். பாடுவதற்கான சிங் அங்கே சாங் ஆவாள். துரை வந்தார், வேலி போட்டார், ஒரே ஒரு வாசல் வைத்து, அதில் ஒரு கங்காணியை நிறுத்தினார்.

இரண்டாவது, வால். வாசலைத் தாண்டும் ஒவ்வொரு சொல்லும் பின்னால் 'எட்' என்ற வாலை மாட்டிக்கொள்ள வேண்டும். எல்லோருக்கும் ஒரே வால். மேய்க்க வசதியாம்.

மூன்றாவது, பயந்தவர்களை முதலில் பிடித்தது. நடப்பதற்கான வாக், கேட்பதற்கு முன்பே முதுகைக் காட்டி, 'வாக்ட்' ஆகிக்கொண்டு இளித்தான். அவனை விடுங்கள். உதவுவதற்கான ஹெல்ப் நல்லவன். அவனுக்கும் வயிற்றில் பழைய ஓசை இருந்தது. தனியாக மடக்கி மாட்டிவிட்டார்கள். அவனுக்கு உதவ அன்று ஒருவரும் இல்லை.

நான்காவதை நினைத்தால் இன்றும் ரத்தம் கொதிக்கிறது. போவதற்கான கோ எழுந்து, "வாலாட்டவா பிறந்தோம்?" என்று கேட்டான். கேட்ட குற்றத்துக்கு, பதிவேட்டில் அவனுடைய நேற்றுப் பெயர் இருந்த பக்கத்தைக் கிழித்துத் துரை அடுப்பில் போட்டார். பக்கம் எரிந்ததும் அந்தப் பெயர் எல்லோர் நினைவிலிருந்தும் மறைந்தது. கோவின் நினைவிலிருந்தும்தான்.

மறுநாள் காலை வேலைநிறுத்தம்!

யார் யார் நின்றார்கள் தெரியுமா? வருஷத்துக்கு ஒருமுறை அகராதியிலிருந்து எழுந்து சோம்பல் முறிக்கும் அலங்காரச் சொற்களா? இல்லை. விடிந்தால் லட்சம் வாய்களில் உழைக்கிறவர்கள்! தின்கிறவன், வருகிறவன், பார்க்கிறவள், கொடுக்கிறவள், சொல்கிறவன். இவர்கள் கையைக் கட்டிக்கொண்டதும் தேசமே அப்படியே நின்றது. சோறு தட்டில் இருந்தது, தின்ன முடியவில்லை. விருந்தாளி தெருமுனையில் இருந்தார், வர முடியவில்லை.

துரைக்கு அன்று பார்த்துக் கடைவாயில் பல்வலி. வலி போக வேண்டுமென்றால் கோ வேண்டும். கோவோ வாசலில் கோஷம் போட்டுக்கொண்டிருந்தான்.

"வாக், அந்த வேலையை நீ செய்!" என்றார் துரை, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

கருங்காலி வாக் முக்கி முனகிப் பார்த்தான். வலி வலப்பக்கப் பல்லிலிருந்து இடப்பக்கத்துக்கு நடந்தது. அங்கே சுகப்படாமல் திரும்பி நடந்து வந்தது.

"எனக்கு நடக்கத்தான் தெரியும் துரை. போகத் தெரியாது."

"வாலை இன்னும் கொஞ்சம் ஆட்டிப் பாருடா!" என்று வெளியிலிருந்து கத்தினான், வெட்டுவதற்கான கட். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

மூன்றாம் நாள் துரை இறங்கி வந்தார். தந்திரத்தையும் கூடவே கூட்டி வந்தார்.

"நாளை உச்சிவேளையில், எல்லோரும் சாட்சியாக, வாசலில் பெயர் வாசிக்கப்படும். உங்கள் தலைவன் கோ ஒரு நேற்றுப் பெயரோடு வாசலைத் தாண்டினால், நிற்கிற ஒருவருக்கும் வால் இல்லை. அவனுக்குப் பெயர் இல்லையென்றால் அத்தனை பேருக்கும் வால். சம்மதமா?"

மறுத்தால் பயந்துவிட்டார்கள் என்று ஆகும். சம்மதித்தார்கள்.

உச்சிவேளை வந்தது. வேலிக்கு இருபுறமும் தலைகள். கங்காணி பதிவேட்டை விரித்தான். கோவைக் கடைசியில் வைத்திருந்தார்கள்.

"ஈட்!"

"ஏட்!" நெஞ்சை நிமிர்த்தித் தாண்டினான்.

"சிங்!"

"சாங்!" பாடிக்கொண்டே தாண்டினாள்.

"கட்!"

"கட்!"

"நேற்றுப் பெயரைக் கேட்டேன்."

"அதைத்தான் சொன்னேன். நேற்றும் இதே ஆள்தான். உமக்காக வேஷம் மாற்ற முடியாது, போய்யா!"

கைதட்டல் வேலியை ஆட்டியது. பிறகு அது அடங்கியது.

"கோ!"

கோ வாசல்வரை வந்து நின்றான். கங்காணி ஒரு வாலைக் கையில் எடுத்தான்.

"தோழர்களே," என்றான் கோ, "என்னைக் கழித்துவிடுங்கள். இவன் எங்கள் ஆள் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். வால் என் ஒருவனோடு முடியட்டும்."

"வாயை மூடுங்க தோழர்!" என்று வாசலுக்கு அப்பாலிருந்து சீறினாள் சிங்.

அப்போது கூட்டத்தின் ஓரத்தில் ஒரு சலசலப்பு. வளைந்து நெளிந்து ஊர் சுற்றுவதற்கான ஒரு நாடோடிச் சொல் அங்கே நின்றிருந்தாள். அவளுக்கு வயிற்றோசை இல்லை; அதற்குப் பதில் ஒரு தம்பி இருந்தான். அக்கா இன்று அலைந்ததை, அவன்தான் நேற்றுக்குள் போய்ச் சொல்லுவான். அவன் பெயர் வென்ட்.

"தம்பி, அவர் பக்கத்தில் போய் நில்லு."

"நான் போனால் உனக்கு நேற்று ஏது அக்கா? ஒரு பெயர் ரெண்டு பேருக்கு ஆகாதே."

"என்னை மாதத்துக்கு ஒருத்தர் கூப்பிட்டால் அதிகம்டா. அவரைக் கூப்பிடாமல் யாருக்காவது ஒரு பொழுது விடியுமா? போடா!"

சொல்லிவிட்டு அவள் விறுவிறுவென்று நடந்து வந்து, கங்காணியின் கையிலிருந்த வாலைப் பிடுங்கித் தானே மாட்டிக்கொண்டாள். வென்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு கோவின் தோளோடு தோள் நின்றான்.

"செல்லாது!" துரை குதித்தார். "இரண்டு பேருக்கும் சாயலே இல்லை! ஓர் எழுத்தாவது ஒத்துப்போகிறதா?"

"நிபந்தனையில் பெயர் என்றுதானே இருக்கிறது, துரை," என்றான் வென்ட். "சாயல் என்று இல்லையே. சொன்னது நீங்கள்தான்."

"வாசி! வாசி!" என்று ஆயிரம் தொண்டைகள்.

கங்காணி துரையைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், வாசித்தான். இருவரும் வாசலைத் தாண்டினார்கள். அந்தக் கணமே துரையின் பல்வலி போயிற்று. அது போயிற்று என்று சொல்வதற்கும் அவருக்கு வென்ட்தான் தேவைப்பட்டான்!

நாடோடி அக்காவை இப்போது கூப்பிடுவோர் யாரும் இல்லை என்றே சொல்லலாம். வாலோடு பழைய புத்தகங்களின் ஓரத்தில் அலைகிறாள். வெற்றிக் கூட்டங்களில் இப்படிப்பட்டவர்களுக்கு நாற்காலி போடுவதில்லை.

துரையும் இன்னும் சாகவில்லை. வாலைக் கையில் வைத்துக்கொண்டு, பேசப் பழகும் பிள்ளைகளின் காதில், கோவின் பின்னால் அதை மாட்டி, 'கோட், கோட்' என்று ஓதுகிறார். பிள்ளைகளும் கொஞ்ச நாள் அப்படியே சொல்லிப் பார்க்கிறார்கள். ஆனால் அந்த உச்சிவேளையிலிருந்துதான், எந்த வகுப்பில் எந்தப் பிள்ளை எழுந்து, நேற்று தான் போன கதையை இங்கிலீஷில் சரியாகச் சொன்னாலும், நாற்பது பேர் சாட்சியாக அந்தப் பெயர் உரக்க வாசிக்கப்படுகிறது: வென்ட்!